84 பேரின் உயிரைப் பறித்த கார் பந்தயம்: 1955 லு மானில் நடந்தது என்ன? பந்தயத்தை ஏன் நிறுத்தவில்லை?

பிரான்ஸின் லு மான் நகரம். 1955-ம் ஆண்டு ஜூன் 11, சனிக்கிழமை மாலை. 24 மணி நேர கார் பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. மணிக்கு 200 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் வந்த ஒரு மெர்சிடிஸ் கார், முன்னால் போன சின்ன கார் மீது ஏறிப் பறந்து, பார்வையாளர்கள் நின்றிருந்த பக்கமாக விழுந்து சிதறியது. ஓட்டுநரையும் சேர்த்து 84 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில பதிவுகளில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இதுவரை நடந்ததில்லை.

ஆனா, இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் அதிர்ச்சியாவது இன்னொரு விஷயத்துக்கு. பந்தயம் நிற்கவே இல்லை. மறுநாள் மாலை 4 மணி வரை கார்கள் ஓடின. ஒரு அணி ஜெயித்தது. ஷாம்பெயின் பாட்டிலும் திறக்கப்பட்டது.

யார் செய்த தப்பு இது? முன்னால் போனவரா, நடுவில் சிக்கியவரா, பின்னால் வந்தவரா? 70 வருஷமாக பந்தய ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. விசாரணை நடத்தியவர்களோ கடைசியில் அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு, அவர்கள் ஓட்டிய ரோட்டைக் கை காட்டினார்கள். அது ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லு மான் பந்தயம் என்றால் என்ன?

பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கி.மீ. தூரத்தில் இருக்கும் நகரம் லு மான். இங்கே 1923 முதல் நடக்கும் பந்தயத்தின் விதி ரொம்ப சிம்பிள். சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரை 24 மணி நேரம். அதற்குள் யார் அதிக தூரம் ஓட்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒரு காருக்கு அப்போது இரண்டு ஓட்டுநர்கள், இப்போது மூன்று பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓய்வெடுப்பார்.

வேகமான கார் எது என்று பார்ப்பது மட்டும் இதன் நோக்கம் இல்லை. இரவு, மழை, பனி எல்லாவற்றையும் தாங்கி எந்த கார் உருப்படியாக ஓடி முடிக்கிறது, யாருடைய ஹெட்லைட் தாக்குப்பிடிக்கிறது, யாருடைய பிரேக் கடைசி வரை பிடிக்கிறது என்பதுதான் சோதனை. கார் கம்பெனிகளுக்கு இது பெரிய விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை ஷோரூமில் கூட்டம் வரும்.

இதற்காகத் தனியாக ஒரு மைதானம் கட்டவில்லை. ஊருக்கு வெளியே ஜனங்கள் தினமும் போய்வரும் சாலைகளைப் பந்தய நாட்களில் மட்டும் அடைத்துவிட்டு, அதில்தான் ஓட்டினார்கள். சுற்றுப்பாதையின் பெரும் பகுதி இன்றைக்கும் அப்படித்தான். அதில் ஏறக்குறைய 6 கி.மீ. நீளத்துக்கு நேர்கோடு போல ஒரு சாலை உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காலை எடுக்க வேண்டிய வேலையே இல்லாத சாலை அது.

ரோடு அதே ரோடு, கார் மட்டும் மாறிப்போச்சு

முதல் பந்தயத்தில், அதாவது 1923-ல், 33 கார்கள் கிளம்பின. ஜெயித்த பிரெஞ்சு காரான செனார் வால்கரின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 92 கி.மீ. அந்த வருஷத்தின் மிக வேகமான ஒரு சுற்றுகூட மணிக்கு 107 கி.மீ. தான். இன்றைக்கு நம் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற காரே அந்த வேகத்தைத் தொட்டுவிடும்.

1955-ல் அதே ஊரில் பதிவான மிக வேகமான சுற்று மணிக்கு கிட்டத்தட்ட 197 கி.மீ. இது சராசரி. நேர்ச் சாலையில் முன்னணி கார்கள் 270 கி.மீ.யைத் தாண்டிப் பறந்தன. நடுவில் சுற்றுப்பாதையின் நீளத்தைக் குறைத்து 13.492 கி.மீ. ஆக்கியிருந்தார்கள். ஆனால் பிட் இருக்கும் இடம் பெரிதாக மாறவில்லை.

பிட் என்பது பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஓட்டுநர் மாற கார் வந்து நிற்கும் இடம். இப்போதைய பந்தயங்களில் அதற்கென்று தனிப் பாதை இருக்கும், நடுவில் கான்கிரீட் சுவர் இருக்கும். அன்றைய லு மானில் இரண்டும் கிடையாது. ஓடுகிற ரோட்டின் வலது ஓரத்திலேயே பிட். நிற்க நினைப்பவர் அப்படியே ஓரங்கட்டி பிரேக் போட வேண்டும். பக்கத்திலேயே மற்றவர்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ரோட்டில் லேசான வளைவு வேறு.

எதிர்ப்பக்கம், இடது ஓரத்தில், ஒரு மண் கரை. அதற்குப் பின்னால் ஜனக்கூட்டம். நன்றாகத் தெரிய வேண்டும் என்று பலர் ஏணி, பெட்டி மேலெல்லாம் ஏறி நின்றார்கள். அன்றைக்கு வந்திருந்த மொத்தக் கூட்டம் சுமார் இரண்டரை லட்சம் என்று சொல்லப்படுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 60 கார்கள், ஒரே ரோடு. 270-ல் போகும் ஜாகுவாரும் அதில் பாதி வேகமே போகக்கூடிய குட்டி எஞ்சின் கார்களும் ஒன்றாக ஓடின.

23 மணி நேரம் தனியாக ஓட்டியவர்

விபத்தில் இறந்த ஓட்டுநர் பியர் லெவெக். உண்மையான பெயர் பியர் பூயான். கார் பந்தயத்தின் ஆரம்ப காலத்தில் புகழ்பெற்றிருந்த மாமாவின் பந்தயப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவர். அவருடைய கதை தெரியாமல் 1955-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்று வருஷம் முன்பு, 1952-ல், இதே லு மானில் லெவெக் தன் டால்போ காரைத் தனி ஆளாக ஓட்டினார். இன்னொரு ஓட்டுநர் தயாராகக் காத்திருந்தும் ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுக்கவில்லை. இரவு முழுக்க ஓட்டி, காலையிலும் ஓட்டி, பல சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தபோது எஞ்சின் படுத்துவிட்டது. பிடிவாதம் பிடித்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று திட்டியவர்களும் உண்டு, இவனல்லவா வீரன் என்றவர்களும் உண்டு. அவர் செய்தது அவ்வளவு கிறுக்குத்தனமும் இல்லை. 1949-ல் ஃபெராரிக்கு முதல் லு மான் வெற்றியை வாங்கிக் கொடுத்த லூய்ஜி கினெட்டியும், 1950-ல் ஜெயித்த லூயி ரோசியேயும் ஏறக்குறைய முழுப் பந்தயத்தையும் தாங்களே ஓட்டியவர்கள்தான்.

லெவெக் நின்றதும் அந்த வருஷம் யார் ஜெயித்தார்கள்? மெர்சிடிஸ் பென்ஸ். அதன் அணி மேலாளர் ஆல்ஃபிரெட் நோய்பாவர் அந்த மனிதரை மறக்கவில்லை. 1955-ல் மூன்று கார்களோடு வந்தபோது, அதில் ஒன்றில் லெவெக்கை உட்கார வைத்தார். அப்போது அவருக்கு வயது 49. போர் முடிந்து பத்தே வருஷம் ஆன பிரான்ஸில், ஜெர்மன் காரில் ஒரு பிரெஞ்சுக்காரர். இந்த ஏற்பாட்டின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது.

இன்னொரு மெர்சிடிஸில் ஹுவான் மானுவல் ஃபான்ஜியோவும் ஸ்டிர்லிங் மாஸும். அந்தக் காலத்தில் இதைவிட வலுவான ஜோடி கிடையாது. எதிரே பிரிட்டனின் ஜாகுவார், அதில் 26 வயது மைக் ஹாதோர்ன்.

மாலை 4 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. அப்போதைய வழக்கப்படி ஓட்டுநர்கள் ரோட்டின் குறுக்கே ஓடிவந்து காரில் குதித்து ஏற வேண்டும். ஃபான்ஜியோ குதித்த வேகத்தில் கியர் லீவர் அவருடைய பேன்ட் காலுக்குள் போய்விட்டது! உலக சாம்பியன் பின்தங்கிக் கிளம்பினார். ஆனால் சீக்கிரமே முன்னால் வந்துவிட்டார். பிறகு அவரும் ஹாதோர்னும் விடாமல் துரத்திக்கொண்டார்கள். 24 மணி நேரம் ஓட வேண்டிய காரை ஆரம்பத்தில் பக்குவமாக ஓட்டுவார்கள். இவர்களோ இரண்டு மணி நேரப் பந்தயம் போல விரட்டினார்கள். சுற்று வேக சாதனை திரும்பத் திரும்ப உடைந்தது.

அந்தச் சில நொடிகள்

35-வது சுற்றின் முடிவு. மணி ஆறரையை நெருங்குகிறது. ஹாதோர்ன் பெட்ரோலுக்காக பிட்டுக்குள் வர வேண்டிய நேரம். அவருக்கு முன்னால் லான்ஸ் மாக்லின் ஓட்டும் சிறிய ஆஸ்டின் ஹீலி போய்க்கொண்டிருந்தது. ஹாதோர்ன் அதை இடப்பக்கமாக முந்தினார். முந்திய கையோடு வலது ஓரத்துக்கு வந்து பிரேக் போட்டார்.

ஜாகுவாரின் பலமே பிரேக்தான். மற்றவர்கள் டிரம் பிரேக் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது டிஸ்க் பிரேக்கோடு வந்து 1953-ல் லு மானையே ஜெயித்த கம்பெனி. இன்றைக்கு நம் பைக்கில்கூட இருக்கும் அந்த டிஸ்க் பிரேக், உலகத்துக்குத் தன்னை நிரூபித்துக் காட்டிய இடங்களில் லு மான் முக்கியமானது. மெர்சிடிஸில் அப்போதும் டிரம் பிரேக். அந்தக் குறையைச் சரிக்கட்ட, ஓட்டுநருக்குப் பின்னால் காற்றைத் தடுக்க எழும்பும் பெரிய தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள்.

தனக்கு முன்னால் திடீரென்று வேகம் குறைந்த ஜாகுவாரின் மீது மோதாமல் இருக்க மாக்லின் இடது பக்கம் ஒடித்தார். அந்த இடது பக்கத்தில்தான் லெவெக் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஃபான்ஜியோ.

யோசிக்க நேரம் இல்லை. லெவெக்கின் கார், ஹீலியின் சரிவான பின்பக்கத்தில் ஏறியது. அது ஒரு சாய்தளம் போல வேலை செய்தது. கார் காற்றில் எழும்பி, இடது ஓர மண் கரையில் மோதி உடைந்தது. எஞ்சினும் முன் அச்சும் பானெட்டும் பிய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்தக் கணத்திலேயே போய்விட்டார்கள். லெவெக் வெளியே தூக்கி வீசப்பட்டு அங்கேயே இறந்தார். மாக்லின் கார் தறிகெட்டுச் சுழன்று பிட் பக்கம் மோதியது. அவர் பிழைத்தார்.

ஃபான்ஜியோ? இந்தக் களேபரத்துக்கு நடுவே, கிடைத்த இடைவெளியில் புகுந்து தப்பினார். மோதுவதற்கு ஒரு நொடி முன்பு லெவெக் கையை உயர்த்தித் தன்னை எச்சரித்ததாகவும், அதனால்தான் உயிரோடு இருப்பதாகவும் அவர் பிற்காலத்தில் சொன்னார். லு மானில் அவர் மறுபடி பந்தயம் ஓட்டவே இல்லை.

தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிந்த தீ

எடை குறைய வேண்டும் என்பதற்காக அந்த மெர்சிடிஸின் உடலை மெக்னீசியம் கலந்த உலோகத்தில் செய்திருந்தார்கள். பள்ளிக்கூட லேபில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் கூசும் வெள்ளை வெளிச்சம் நினைவிருக்கும். இங்கே எரிந்தது முழு கார்.

மெக்னீசியம் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியும், அதுவும் சேர்ந்து எரியும். அன்று அணைக்க வந்தவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். தீ இன்னும் மூண்டது. மணிக்கணக்கில் எரிந்தது.

பந்தயத்தை ஏன் நிறுத்தவில்லை?

பந்தய இயக்குநர் சார்ல்ஸ் ஃபரூவிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. அமைப்பாளர்கள் சொன்ன காரணம்: நிறுத்தினால் இரண்டரை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். லு மானைச் சுற்றியுள்ள சாலைகள் அடைத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் போக முடியாது. காயம்பட்டவர்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல்.

கேட்க கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் கூட்ட நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கி நிற்பதை நேரில் பார்த்த யாரும் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முதல் சில மணி நேரத்துக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். 13 கி.மீ. சுற்றுப்பாதையில் மற்ற இடங்களில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே வெகுநேரம் தெரியவில்லை. அங்கே போட்டிருந்த ராட்டினங்கள்கூட சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வாதம் பதில் சொல்லாத கேள்வி ஒன்றே ஒன்று: காயம்பட்டவர்கள் எல்லாம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், மறுநாள் மாலை வரை எதற்கு?

மெர்சிடிஸ் தன் முடிவைத் தானே எடுத்தது. ஜெர்மனியில் இருந்த கம்பெனி நிர்வாகம் வரை பேசி, உத்தரவு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்பு, கூட்டம் குறைந்திருந்த நேரத்தில், மீதி இரண்டு கார்களையும் சத்தமில்லாமல் உள்ளே அழைத்தார்கள். அப்போது முதலிடத்தில் இருந்தது ஃபான்ஜியோவும் மாஸும் ஓட்டிய கார்தான். ஜாகுவாரும் விலக வேண்டும் என்று மெர்சிடிஸ் தரப்பு கேட்டது. ஜாகுவார் மறுத்துவிட்டது.

ஹாதோர்ன் விபத்துக்குப் பிறகு காரை விட்டு இறங்கி அழுதார், இனி ஓட்டவே மாட்டேன் என்றார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஓட்டினார். அவரும் ஐவர் பியூப்பும் ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாதோர்ன் சிரித்த முகத்தோடு ஷாம்பெயின் குடிக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன.

குற்றவாளி யார்?

அரசு விசாரணை எந்த ஓட்டுநர் மீதும் குற்றம் சாட்டவில்லை. பந்தயத்தில் நடக்கக்கூடிய விபத்து, அதைப் படுகொலை அளவுக்குக் கொண்டுபோனது பாதையின் அமைப்பும் பாதுகாப்பு இல்லாத பார்வையாளர் பகுதியும்தான் என்ற முடிவுக்கே வந்தது.

இது ஓட்டுநர்களைக் காப்பாற்றச் சொன்ன சமாதானம் இல்லை. ஹாதோர்ன் பிட்டுக்குள் போனது விதிப்படி. மாக்லின் ஒதுங்கியது இயல்பான அனிச்சைச் செயல். லெவெக்குக்கு ஒதுங்க இடமே இல்லை. ஹாதோர்ன் கொஞ்சம் முன்னாடியே ஓரங்கட்டியிருக்கலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒருவர் பிரேக் மிதிப்பதில் ஒரு நொடி தப்பினால் 80 பேர் சாகிற மாதிரி ஒரு ரோடு இருந்தது என்றால், அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அது நடந்திருக்கும்.

ஓட்டுநர்களுக்குள் இது தீரவில்லை. ஹாதோர்ன் 1958-ல் வெளியிட்ட சுயசரிதையில் தன் மீது தவறில்லை என்று எழுதினார். பழி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்த மாக்லின் அவதூறு வழக்கு போட்டார். அது முடியும் முன்பே, 1959 ஜனவரியில், ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆன சில மாதங்களில், ஹாதோர்ன் இங்கிலாந்தில் ஒரு சாதாரண சாலையில் தன் ஜாகுவாரை ஓட்டிப் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 29.

அதன் பிறகு என்ன மாறியது?

அந்த வருஷம் நடக்க வேண்டியிருந்த பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் கிராண்ட் பிரீ பந்தயங்கள் ரத்தாகின. சுவிட்சர்லாந்து ஒருபடி மேலே போய் சர்க்யூட் பந்தயங்களுக்கே தடை போட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, 2018-ல் சூரிச் நகரில் மின்சார கார்களின் பந்தயம் சிறப்பு அனுமதியோடு நடந்தது. அமெரிக்காவில் பந்தயங்களை மேற்பார்வை செய்துவந்த வாகன ஓட்டிகள் சங்கம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது.

மெர்சிடிஸ் அந்த வருஷமே உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பை ஜெயித்துவிட்டுப் பந்தயத்தை விட்டுப் போனது. சாதாரண கார்களில் கவனம் செலுத்தும் திட்டம் முன்பே இருந்ததால், விபத்து மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. லு மானில் மெர்சிடிஸ் பெயர் மறுபடி முதலிடத்தில் வந்தது 1989-ல், சௌபர் அணியோடு சேர்ந்து.

லு மானில் பிட் பகுதியை இடித்துக் கட்டினார்கள். ரோட்டை அகலப்படுத்தினார்கள், பார்வையாளர் பகுதியைப் பின்னால் தள்ளினார்கள். வேலை முடியாததால் 1956 பந்தயமே ஜூலை மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. ஆனால் பிட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வந்தது எப்போது தெரியுமா? 1971-ல். விபத்து நடந்து 16 வருஷம் கழித்து. ரோட்டின் குறுக்கே ஓடி காரில் ஏறும் வழக்கமும் 1969 வரை நீடித்தது. அந்த நீண்ட நேர்ச் சாலையில் வேகத்தைக் குறைக்க இரண்டு வளைவுகளைச் சேர்த்தது 1990-ல்.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு லு மான் அறிமுகமானது இந்தப் புதிய காலத்தில்தான். 2009-ல் நரேன் கார்த்திகேயன் அங்கே போனார். பந்தயம் தொடங்கும் நேரத்தில் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியவில்லை. 2012-ல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், லு மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய அணிக்கு 6-வது இடம்.

ஹெல்மெட்டோடு பிட்டில் காத்திருந்தவர்

1955 மாலையில் லெவெக் காரை அடுத்து ஓட்ட வேண்டியவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானி. பிட்டில் தயாராக நின்றுகொண்டிருந்தபோது அவருடைய கார் கண்ணெதிரே சிதறியது. பந்தயத்திலிருந்து விலகச் சொல்லி மெர்சிடிஸை முதலில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

ஊர் திரும்பிய ஃபிட்ச், வேகமாக வரும் கார் எதன் மீதாவது மோதினால் உள்ளே இருப்பவர் சாகாமல் எப்படி நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தார். சுவர் கட்டினால் கார் நொறுங்கும். மண் கரை என்ன செய்யும் என்பதை அவர் லு மானில் பார்த்தாயிற்று. கடைசியில் பிளாஸ்டிக் பீப்பாய்களில் மணலை நிரப்பி வரிசையாக வைத்தார். முன்னால் இருப்பதில் கொஞ்சமாக மணல், பின்னால் போகப் போக அதிகம். மோதும் கார் ஒவ்வொரு பீப்பாயாக உடைத்துக்கொண்டே வேகம் குறைந்து நிற்கும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தானே காரை ஓட்டிப்போய் அதன் மீது மோதினார்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாதை பிரியும் இடங்களிலும் பாலத் தூண்களுக்கு முன்பும் அந்த மஞ்சள் பீப்பாய்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு ஃபிட்ச் தடுப்பு என்றே பெயர். 2012-ல் தன் 95-வது வயதில் அவர் காலமானார்.